பதினேழாம் கலவை

கொட்டகைத் தூணுக்குக் கண்ணம்மை பச்சைப் பெயிண்ட் அடித்த அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பித்தது. அது அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முத்தாளை அந்தக் கத்து கத்தியிருக்க மாட்டாள்.

அறுபத்து நாலாம் வருஷம், தை மாதக் கடைசி. அரிமளத்தில் அடைக்கப்பன் வீட்டுக்குப் பின்னால் ஒரு நீளக் கொட்டகை. கொழும்புக் கடையை மூடிவிட்டு ஊரோடு வந்த அடைக்கப்பன், மின்கம்பி கட்டுகிற பீங்கான் கட்டைகள் செய்யலாம் என்று அதில் உலை போட்டான். கட்டைகள் ஏதோ ஓடின. ஆனால் அவன் மனைவி கண்ணம்மைக்கு அது போதவில்லை. சென்னையில் ரசாயனம் படித்து முதல் வகுப்பில் தேறியவள், எத்தனை நாளைக்குத்தான் பீங்கான் கட்டைக்கு மண் பிசைவாள்? ரேடியோவுக்குள் இருக்கும் கண்டென்சரைப் பீங்கானில் செய்யப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

கண்டென்சர் என்றால் மிரள வேண்டாம். மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்து, கேட்கும்போது திருப்பிக் கொடுக்கிற பொருள், அவ்வளவுதான். பேரியத்தையும் டைட்டானியத்தையும் கலந்து சுட்டு, அரைத்து, காலணா அகலத்துக்கு வட்டமாக அழுத்தி, மறுபடி சுட்டு, இரண்டு பக்கமும் வெள்ளி பூசினால் ஆயிற்று. கொட்டகையில் அதற்குப் பெயர் சில்லு. சில்லு அருமையாகத்தான் வந்தது. ஒரே ஒரு வியாதி: சூடு ஏறினால் அதற்குப் புத்தி பிசகிவிடும். வெயிலில் வைத்தால் நாலு குடம் தண்ணீர் கொள்கிறது, நிழலில் வைத்தால் ஒரு குடம்தான் கொள்கிறது என்றால், அந்தப் பானையை நம்பி யார் தண்ணீருக்குப் போவார்கள்? சூட்டிலும் குளிரிலும் ஒரே அளவு கொள்ள வேண்டும். அதற்குத்தான் கண்ணம்மை ஒரு வருஷமாகத் தலையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

அளந்து சொல்வது யாக்கூப். மீமிசல்காரர். மணமேல்குடியில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். கடலோரத்து உப்புக்காற்றிலும் வெக்கையிலும் காகிதக் கண்டென்சர்கள் பொசுக்கென்று போவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், "ஆச்சி, நீங்க செய்யுங்க, நான் அளந்து தர்றேன்" என்று கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்துவிட்டார். ஒரு சட்டியில் கடலை எண்ணெயைக் காயவைத்து, அதற்குள் சில்லைக் கம்பியில் தொங்கவிட்டு, நூற்றிருபத்தைந்து டிகிரி வரை ஏற்றி ஏற்றி அளப்பார். எண்ணெய் வாசம் தெருவரைக்கும் போகும். "என்ன பாய், வடை வெந்துருச்சா?" என்று வேலியைத் தாண்டிக் கேட்காத ஆள் கிடையாது.

"நூறு டிகிரி வரைக்கும் நல்ல பிள்ளையாட்டம் இருக்கு ஆச்சி. அதுக்கு மேல பாருங்க. ஏறுது, ஏறுது... போச்சு. பேய் புடிச்சிருச்சு."

நூறாக இருந்த அளவு நானூறாகிவிடும். பதினாறு கலவை இப்படியே போயிற்று.

அரைப்பது முத்தாள். ஐம்பது வயது இருக்கும். முன்பு நாட்டு வைத்தியர் ஒருவர் வீட்டில் மருந்து அரைத்தவள். நூறு கிராம் பொடியைப் பீங்கான் கல்வத்தில் போட்டு மூன்று நாள் அரைத்தாளானால், விரலில் தேய்த்தால் பொடி இருப்பதே தெரியாது. வாயும் அதே வேகத்தில் அரைக்கும். வெற்றிலை இல்லாமல் அவளுக்கு ஒரு நாழிகை ஓடாது. வெளிச்சத்துக்காக வாசலை ஒட்டி, தூணுக்குப் பக்கத்தில் கல்வத்தைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைத் தூணில் இழுப்பாள். ஒரு வருஷத்தில் தூண் விபூதிப் பட்டை போட்டது போல் ஆகிவிட்டது.

பதினாறாம் கலவையும் கெட்ட அன்று கண்ணம்மையின் கண்ணில் அந்தத் தூண் பட்டது. வேறெதன் மேலும் காட்ட முடியாத கோபம் எல்லாம் முத்தாள் மேல் பாய்ந்தது.

"இது கொட்டகையா, வெத்திலைக் கடையா? நீ அரைக்கிறது எலி மருந்துல இருந்து வர்ற பொடி முத்தா. வாயில ஒட்டுச்சுன்னா ஒன்னைய யாரு காப்பாத்துறது? இனிமே உள்ள வெத்திலை போட்டே, கல்வத்தை வேற ஆளு கையில குடுத்துருவேன்."

"இனிமே போடலை ஆச்சி. சத்தியமாப் போடலை" என்றாள் முத்தாள்.

அன்று சாயங்காலமே கண்ணம்மை தன் கையால் தூணைச் சுரண்டிப் பச்சைப் பெயிண்ட் அடித்தாள். 'உள்ளே வெற்றிலை போடக் கூடாது' என்று ஒரு பலகையும் மாட்டினாள். முத்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அவளுக்கு மறந்துபோயிற்று.

அடுத்து வந்ததுதான் பதினேழாம் கலவை. பதினாறில் போட்ட அதே சாமான்கள், அதே நிறை. உலைச்சூட்டை மட்டும் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம் என்று சுட்டது. யாக்கூப் சட்டியில் தொங்கவிட்டார். நூறு டிகிரி. நூற்றுப்பத்து. நூற்றிருபது. அவர் சட்டியையும் அளக்கிற மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன பாய்?"

"ஆச்சி... அளவு நூத்திப்பதினொண்ணு. அதுக்கு மேல நகர மாட்டேங்குது. அல்லா! மெஷினு கெட்டுப்போச்சா, நம்ம சில்லு நல்லாயிருச்சா?"

மெஷின் கெடவில்லை. பத்துச் சில்லைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். பத்தும் நூற்றுப்பத்து, நூற்றுப்பன்னிரண்டு என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. கண்ணம்மை அங்கேயே சாக்கின் மேல் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சில்லுகள் பெங்களூரில் ஒரு ரேடியோ கம்பெனிக்குப் போயின. மாசி நடுவில் பதில் வந்தது. 'அளவுகள் திருப்தி. ஆனால் ஒரு முறை நன்றாக வருவது தற்செயலாகவும் இருக்கலாம். புதிதாக அரைத்துச் சுட்ட நூறு சில்லுகள் ஏப்ரல் பதினைந்துக்குள் இங்கே வந்து, அவையும் இதே போல் இருந்தால், உங்களிடமே தொடர்ந்து வாங்கிக்கொள்கிறோம்.'

அடைக்கப்பன் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். நல்லவன். மனைவி சொல்வதில் பாதி புரியாவிட்டாலும் தலையாட்டுகிறவன். ஆனால் கடலை வியாபாரி ரெங்கசாமிக்கு அவன் ஏற்கெனவே ஒரு வார்த்தை கொடுத்திருந்தான்.

"சித்திரை பொறந்தா கொட்டகையக் கடலைக் கிட்டங்கிக்கு விடுறதாச் சொல்லிட்டேன் கண்ணம்மை. அதுக்குள்ள ஒன் சில்லு நின்னுருச்சுன்னா, நானே போயி இல்லைன்னு சொல்லிட்டு வாரேன். நிக்கலைன்னா உலையப் பிரிக்க வேண்டியதுதான். அப்பறம் என்னையக் குத்தஞ் சொல்லக் கூடாது."

"நிக்கும்" என்றாள் கண்ணம்மை. நோட்டுப்புத்தகத்தில் ஒரு குன்றிமணி நிறை விடாமல் எழுதி வைத்திருக்கிறாள், ஏன் நிற்காது?

நிற்கவில்லை. பதினெட்டாம் கலவை நானூறுக்குப் போயிற்று.

உலைதான் காரணம் என்றார் யாக்கூப். பொடியில் தூசு விழுந்திருக்கும் என்றாள் கண்ணம்மை. கல்வத்தை வெந்நீரில் மூன்று தடவை கழுவினார்கள். ஜன்னலுக்கு மஸ்லின் துணி கட்டினார்கள். ஈ, கொசு உள்ளே வரவில்லை. பத்தொன்பதும் நானூறு. சுத்தம் ஏற ஏறச் சில்லுக்குப் பேயும் ஏறிற்று.

இதற்கிடையில் முத்தாள் வேறு கொட்டகையைப் படாத பாடு படுத்தினாள். எதற்கெடுத்தாலும் வள்ளென்று விழுந்தாள். கொட்டாவி கொட்டாவியாக விட்டாள். "என்ன முத்தாளு, ஒதடு வெளுத்துக் கெடக்கு? காய்ச்சலா?" என்று யாக்கூப் கேட்டதற்கு, "ஒங்க வடையைப் பாத்துக்கிட்டு இருங்க பாய்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் சேர்த்துக் கவலைப்படக் கண்ணம்மைக்கு எங்கே நேரம்?

இருபதாம் கலவை பங்குனி பாதியில் இறங்கியது. யாக்கூப் அளந்துவிட்டு, வாயால் சொல்லாமல் கையை விரித்தார். விரித்துவிட்டு வெளியே போய்விட்டார். பாவம், அவருக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கண்ணம்மை சாக்கின் மேல் உட்கார்ந்தாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். உலை பிரிந்துபோகும். நாளைக்கு இந்த இடத்தில் கடலை மூட்டை அடுக்கியிருக்கும். படித்ததற்கு வீட்டில் ஊறுகாய் போட்டுக்கொண்டிருக்கலாம்.

"முத்தா, கல்வத்தைக் கழுவிக் கவுத்திரு. போதும். முடிஞ்சது."

முத்தாள் கல்வத்தைத் தொடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கிழக்கே பிடாரி கோயில் இருக்கிற திசையைப் பார்த்து ஆரம்பித்தாள்.

"ஏண்டியம்மா, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஒரு மாசமா நான் படுற பாடு ஒனக்குத் தெரியலையா? இனிமே ஒனக்கு ஒரு துண்டு சூடம் கொளுத்துனா என்னைய ஏன்னு கேளு!"

"சாமியப் போயி ஏன் திட்டுறே?"

"திட்டாம? பெங்களூருக் கடுதாசி வந்த அன்னைக்கே போயி நேந்துக்கிட்டேன் ஆச்சி. தாயே, எங்க ஆச்சிக்கு இன்னொரு தடவை அதே மாதிரி சில்லு வரணும், வர்ற வரைக்கும் வெத்திலையத் தொட மாட்டேன்னு. முப்பது நாளாச்சு. சோறு எறங்கலை, தூக்கம் வரலை, தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. அவ என்னடான்னா குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கா!"

கண்ணம்மை முத்தாளை நிமிர்ந்து பார்த்தாள். தனக்காக ஒருத்தி வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அது கூடத் தெரியாமல் இவளையா வள்வள் என்கிறாள் என்று மனதுக்குள் வைதிருக்கிறோம். எழுந்து போய் முத்தாளின் கையைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"முப்பது நாளாவா?"

"ஆமா ஆச்சி."

"அப்ப பதினேழு அரைச்சப்ப?"

முத்தாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது.

"சொல்லு முத்தா. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். உள்ளதான போட்டே?"

"...ஆமா."

"சுண்ணாம்பை எங்க தடவுனே? தூணுல இல்லையே. நான்தான் தெனமும் பாத்தேனே."

"தூணுலதான் பச்சையப் பூசிட்டீங்களே! தடவுனா ஒங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருமேன்னு..." முத்தாளின் குரல் இறங்கிப்போயிற்று. "கல்வத்து விளிம்புல தடவிட்டேன். அது வெள்ளை, இதுவும் வெள்ளை."

"விளிம்புல இருந்ததை?"

"நீங்கதான சொன்னீங்க, மணிக்கொருக்க விளிம்பை வழிச்சு உள்ள தள்ளணும்னு. தள்ளிட்டேன்."

கண்ணம்மை வாசலுக்கு ஓடினாள். "பாய்! யாக்கூப் பாய்! இங்கிட்டு வாங்க! சுண்ணாம்பு பாய், சுண்ணாம்பு!"

பேரியம் இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பிலிருந்து கொஞ்சம் கால்சியம் போய் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் சூட்டில் சில்லு ஆடாமல் பிடித்து நிறுத்தியிருக்கிறது. புத்தகத்தில் படித்த விஷயம்தான், இத்தனை கலவையில் ஒரு தடவை கூடத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். யாக்கூப் முத்தாளின் சுண்ணாம்பு டப்பாவை வாங்கி விரலில் தேய்த்துப் பார்த்தார். "கிளிஞ்சல் சுண்ணாம்பு ஆச்சி. எங்க கடக்கரைச் சரக்கு. அதான் இப்புடி மையா இருக்கு" என்றார். ஏதோ தானே சுட்டு அனுப்பியது போல் அவருக்குப் பெருமை.

இனி எவ்வளவு போட்டாள் என்று தெரிய வேண்டும். அதற்கு முத்தாள் வழக்கம்போல் வெற்றிலை போட்டுக்கொண்டே அரைத்துக் காட்டினால் போதும். அங்கேதான் முடிச்சு விழுந்தது. வெற்றிலை போட்டால்தான் சில்லு வரும். சில்லு வந்தால்தான் வெற்றிலை போடலாம் என்பது நேர்த்தி.

"சாமி காரியம் ஆச்சி. என்னால ஆகாது" என்றாள் முத்தாள்.

யாக்கூப் மோவாயைத் தடவினார். "நீ எதை நேந்துக்கிட்டே? வெத்திலையவா, சுண்ணாம்பையா?"

முத்தாள் யோசித்தாள். மெல்ல முகம் மலர்ந்தது. "வெத்திலையத்தான் பாய். சுண்ணாம்பைப் பத்திப் பேச்சே எடுக்கலை."

டப்பாவில் விரலை விட்டு, வெறுங்கையில் வெற்றிலை இருப்பது போல் பாவனையாகத் தடவி, மிச்சத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்தாள். கண்ணம்மை காயவைத்து நிறுத்தாள். அறுபது மில்லிகிராம். அடுத்தது ஐம்பத்தெட்டு. அதற்கடுத்தது அறுபத்தொன்று. பத்து தடவை இழுத்தாள், பத்தும் அப்படியே. வாங்கின தராசு கூட இவ்வளவு யோக்கியமாக இருக்காது.

"ஒரு நாளைக்கு எத்தனை தரம் போடுவே?"

முத்தாள் தரையைப் பார்த்தாள். "என்ன, ஒரு அஞ்சு தரம் இருக்கும்."

மூன்று நாளைக்குப் பதினைந்து விரல். கண்ணம்மை கணக்காக நிறுத்துப் போட்டு இருபத்தொன்றாம் கலவையைச் செய்தாள். யாக்கூப் எண்ணெயைக் காயவைத்தார். நானூறுக்குப் போகவில்லை, நூற்றெழுபதில் நின்றது. வழி சரி, தூரம் பத்தவில்லை. காலண்டரில் ஏப்ரல் நாலு. இன்னும் ஒரே ஒரு கலவைக்குத்தான் நாள் இருக்கிறது.

கண்ணம்மை முத்தாளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"முத்தா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அஞ்சா?"

"...ஏழு இருக்கும்."

"முத்தா."

"எல்லாரும் என்ன நெனைப்பீங்க ஆச்சி! பொம்பளை இம்புட்டுப் போடுறாளேன்னு..." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "பன்னெண்டு."

யாக்கூப்புக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். கண்ணம்மை சிரிக்கவில்லை. நோட்டுப்புத்தகத்தைத் திறந்து, 'சுண்ணாம்பு, முப்பத்தாறு விரல்' என்று எழுதினாள்.

இருபத்திரண்டாம் கலவை உலையிலிருந்து இறங்கியபோது அடைக்கப்பனும் வந்து நின்றான். அதுவரை எண்ணெய்ச் சட்டிப் பக்கமே வராதவன். யாக்கூப் ஒவ்வொரு டிகிரியாகச் சொல்லிக்கொண்டு போனார். நூறு. நூற்றுப்பத்து. நூற்றிருபது. நூற்றிருபத்தைந்து. முத்தாள் கண்ணை மூடிக்கொண்டு பிடாரியிடம் என்னவோ பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அளவு நூத்திப்பதினொண்ணு" என்றார் யாக்கூப்.

நூறு சில்லையும் அளந்து முடிக்க மறுநாள் மத்தியானம் ஆயிற்று. ஒன்று கூடத் தவறவில்லை. பஞ்சு வைத்துப் பெட்டியில் அடுக்கி ஆணி அடித்ததும், அடைக்கப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டை பஸ்ஸுக்குப் புறப்பட்டான். நாலு எட்டு போனவன் திரும்பிப் பார்த்தான்.

"போற வழியில ரெங்கசாமிக்கிட்டயும் சொல்லிட்டுப் போறேன். கடலைக்கு வேற எடம் பாத்துக்கிடட்டும்."

"கம்பெனிக்காரங்க பதில் வர வேணாமா?" என்றாள் கண்ணம்மை.

"அவங்களுக்குத்தான் தெரியணும். எனக்கு நேத்தே தெரிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான். கண்ணம்மைக்கு அந்த வெயிலிலும் உடம்பெல்லாம் குளிர்ந்தது.

பிறகு முத்தாளைக் கூப்பிட்டாள். இரண்டு கையிலும் தண்ணீர் ஊற்றிச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். வாசலுக்கு வெளியே உட்காரவைத்துத் தட்டை முன்னால் வைத்தாள். கொழுந்து வெற்றிலை, சீவல், எல்லாம் இருந்தன. முத்தாள் கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஆசையாகச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தாள். டப்பா துடைத்து வைத்தது போல் இருந்தது. எல்லாம் கலவைக்கே போய்விட்டது.

"அடியாத்தி! கையில வந்தும் வாய்க்கு வரலையே!"

"இரு" என்று கண்ணம்மை உள்ளே போனாள். நிறுத்து வைத்ததில் மிஞ்சியிருந்ததைக் குப்பியோடு கொண்டுவந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து நீட்டினாள். முத்தாள் விரலால் எடுத்து வெற்றிலையில் தடவி, மடித்து, கடைவாயில் அடக்கினாள். நாற்பத்தைந்து நாளைக்குப் பிறகு முதல் சாறு இறங்கியது. அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! கண்ணம்மைக்கே வாய் ஊறிற்று.

மிச்சச் சுண்ணாம்போடு முத்தாளின் விரல் பழக்கதோஷத்தில் தானாக வாசலுக்குள் நீண்டது. கல்வத்து விளிம்பை நோக்கிப் போய், பாதியில் நின்றது. பிறகு பச்சைத் தூண் பக்கம் திரும்பியது. அங்கேயும் நின்றது. தடவ இடமில்லாமல், திருடி அகப்பட்டவள் போல விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆச்சியைப் பார்த்தாள்.

கண்ணம்மை அந்தக் கையைப் பிடித்துத் தூணில் வைத்து, மேலிருந்து கீழாக, தானே ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள்.